இரும்புக் கயிறு

ரெக்கவரி வண்டி ஓட்டும் அருமைநாயகம் வந்து சேர்ந்தபோது, கார் சாலையோரப் பள்ளத்தில் மூக்கைக் குத்திக் கிடந்தது. பக்கத்தில் கார்க்காரர் மட்டும் தனியாக நின்றார்.

"சீக்கிரம் தூக்குங்க. கூட்டம் சேருறதுக்குள்ள போயிரணும்."

சேறு கவ்விய வண்டியை வெடுக்கென்று இழுத்தால் கயிறு அறுந்துவிடும். அருமைநாயகம் காரின் பின்பக்கம் இரும்புக் கயிற்றை மாட்டிவிட்டு, தன் வண்டியிலிருந்த லிவரைப் பதமாகத் தள்ளினார். முன்னால் தள்ளினால் கார் ஏறும். பின்னால் இழுத்தால் இறங்கும். சளக்கென்று சேறு விட்டது. கார் பாதி ஏறியதும், அது கிடந்த இடத்தில் நசுங்கிய சைக்கிள் ஒன்று தெரிந்தது.

லிவரை நிறுத்தினார். "இது யார் சைக்கிள் சார்?"

"தெரியல. முன்னாடியே கிடந்திருக்கும்."

ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த தூக்குவாளியிலிருந்து பால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அருமைநாயகம் பள்ளத்தில் குதித்தார். தலைக்கு மேல் கார் கயிற்றில் தொங்க, பயத்தோடு நாணலுக்குள் கைவிட்டுத் துழாவினார். சில்லென்று விரல்கள் தட்டுப்பட்டன. அவர் கையை எடுப்பதற்குள் அந்த விரல்கள் அவரை இறுகப் பற்றிக்கொண்டன.

"உசுரு இருக்கு! சார், ஓடியாங்க, ஒரு கை பிடிங்க!"

நிமிர்ந்து பார்த்தார். கார்க்காரர் ரெக்கவரி வண்டியை ஒட்டி நின்றிருந்தார். அவர் பார்வை லிவர்மேல் இருந்தது.

"சார்... அதைத் தொட்டுராதீங்க."

மேலே ஓடிவிடலாம்தான். பிடித்த கை விடவில்லை.