எதிர்ப்பு: இரண்டு

கூடத்தில் எல்லாக் கைகளும் உயர்ந்துவிட்டன. ரெமெதியோஸின் கைகள் மட்டும் மடியிலேயே கிடந்தன.

எண்ணிக்கொண்டு வந்த செயலாளர் அவள் பக்கத்தில் நின்றார். காதில் விழவில்லையோ என்று நினைத்து, குனிந்து தீர்மானத்தை மறுபடி சொன்னார்.

விழுந்தது என்றாள் அவள்.

ஆலிவ் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் அது. புருஷன் செத்த பிறகு தோப்பை அவளே பார்த்துக்கொள்கிறாள். இத்தனை வருடத்தில் எந்தத் தீர்மானத்துக்கும் அவள் குறுக்கே நின்றதில்லை.

இந்தத் தீர்மானத்திலும் சிக்கல் ஒன்றும் இல்லை. ஊர் உலகமெல்லாம் படமும் வீடியோவும் போடுகிற இணையதளத்தை நடத்தும் ஒரு அமெரிக்க நிறுவனத்தின் மேல் பிரஸ்ஸல்ஸில் இருக்கிற ஐரோப்பிய ஒன்றியம் வழக்கு நடத்திக்கொண்டிருந்தது. ஜனங்கள் கொடுக்கும் புகார்களை அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று குற்றச்சாட்டு. எங்கள் நிறுவனத்தின் மேல் கை வைத்தால் உங்கள் சரக்குக்கு வரியை ஏற்றுவோம் என்றது வாஷிங்டன். ஏற்றியும் விட்டது.

அமெரிக்காக்காரர்கள் பீட்சாவின் மேல் தூவுகிற கறுப்பு ஆலிவ்தான் இந்த ஊருக்கு ரொட்டி போட்டது. வழக்கமாக வாங்குகிற நியூ ஜெர்சிக்காரர் இந்த வருடம் வாயே திறக்கவில்லை. போன வருடத்துக் காயே இன்னும் தொட்டிகளில், உப்புநீரில் கிடந்தது.

ஆகவே அந்த வழக்கைக் கைவிடுங்கள் என்று பிரஸ்ஸல்ஸுக்கு எழுத வேண்டும். அவ்வளவுதான். பக்கத்து ஊர்க்காரர்கள் எழுதி அனுப்பிவிட்டார்கள். எல்லாம் ஒருமனதாக.

ரெமெதியோஸின் கொழுந்தன் கஸ்பார் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தான். சங்கத்தின் துணைத் தலைவன் அவன்.

"அண்ணி, பிரஸ்ஸல்ஸ்காரனா வந்து உங்க காயை வாங்கப் போறான்?"

பிரஸ்ஸல்ஸில் அவளுக்கு ஒரு ஆள் இருக்கிறானோ என்னவோ என்று பின்னாலிருந்து ஒருத்தர் சொல்ல, கூடமே சிரித்தது. வேறு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

கஸ்பார் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினான். அவள் தோப்பில் இருப்பது எண்ணெய்க்கு ஆகாத ரகம். ஒரு காய் விடாமல் அமெரிக்காவுக்குப் போவது. வரி இறங்காவிட்டால் ஊரிலேயே முதலில் மரத்தை வெட்ட வேண்டியவள் அவள்தான். அது தெரிந்தும் இப்படி உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டான்.

அவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் தலைவர் பௌலினோ. தீர்மானத்தை நான் படிக்கிறேனே என்று கஸ்பார் கேட்டும் அவர் கொடுக்கவில்லை. விதிப்படி தலைவர்தான் படிக்க வேண்டும். எங்கேயும் தடுமாறாமல் படித்தார். படித்து முடித்தவர் தலை நிமிரவில்லை. கை தூக்கியவர்களும் அவரைப் பார்த்துத் தூக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்தார்கள்.

இப்போது அவர் நிமிர்ந்தார்.

"ரெமே அக்கா, எனக்காகப் பாக்குறீங்கன்னா பாக்க வேண்டாம். காய் வித்தாகணும். தூக்கிடுங்க."

சிரிப்பெல்லாம் நின்றுபோனது.

ரெமெதியோஸ் எழுந்து நின்றாள். முழங்கால் வலிக்காக நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"மரத்தை வேணா வெட்டிக்கிறேன் பௌலினோ. இதுக்குத் தூக்க மாட்டேன். நீ இன்னும் தூக்கலியே. நீ தூக்கு பார்ப்போம், நானும் தூக்கறேன்."

தலைவர் கடைசியாகத்தான் வாக்களிப்பார். அதுதான் வழக்கம். பௌலினோ எதிரில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு கூடத்தைப் பார்த்தார், வரிசை வரிசையாக, ஒவ்வொரு முகமாக. அவர் பார்வை போன பக்கமெல்லாம் தலைகள் தாழ்ந்தன.

எதிர்ப்பு இரண்டு என்று எழுதிக்கொள்ளும்படி செயலாளரிடம் சொன்னார்.

தீர்மானம் நிறைவேறியது. ஒருமனதாக என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிட்டு அனுப்பினார்கள். ரெமெதியோஸோடு யாரும் பேசவில்லை. காப்பிக் கடையில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து மேசை காலியானது. அவள் பாட்டுக்குக் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

வரி இறங்கவில்லை. குளிர்காலம் முடிவதற்குள் அவள் பாதித் தோப்பை வெட்டினாள். உதவிக்கு ரம்பத்தோடு வந்தவர் பௌலினோ ஒருவர்தான். இரண்டு பேரும் வெட்டிய மரத்தின் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். நெரேயா சாப்பிடுகிறாளா என்று மட்டும் அவள் கேட்டாள். இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறாள் என்றார்.

நெரேயா அவருடைய மகள். பள்ளிக்கூடம் போவதை நிறுத்திப் பல மாதம் ஆகிவிட்டது. அவள் முகத்தை வைத்து யாரோ ஒரு பொய்ப் படம் செய்து, அந்த அமெரிக்க நிறுவனத்தின் தளத்தில் போட்டுவிட்டார்கள். வாயால் சொல்லக் கூசுகிற படம். நீக்குங்கள் என்று பௌலினோ எழுதிய ஒவ்வொரு புகாருக்கும், இது எங்கள் விதிகளை மீறவில்லை என்றே பதில் வந்தது.

அதற்குள் அது ஊரைச் சுற்றி வந்துவிட்டது. அன்று கூடத்தில் இருந்தவர்களில் அதைப் பார்க்காதவர்கள் யாரும் இல்லை.

ரெமெதியோஸும் பார்த்தவள்தான்.