கிராணி ஒத்துக்கணும்

"இது வேணாம் தம்பி. வேற ஒண்ணு காட்டுங்க."

மாணிக்கத்துக்கோ அவசரம். மலாயாவில், ரஹாங்கில் அவன் வேலை பார்க்கும் மோட்டார் சாமான் கடை மேஜைமேல் ஏற்கெனவே இரண்டு தெர்மோஸ்டாட் பெட்டிகள் திறந்து கிடந்தன. ஊருக்கு, அதாவது தம்பினுக்கு, கடைசி பஸ் நாலரைக்கு. அதை விட்டால் அவ்வளவுதான். அவசரகாலம், இருட்டினால் கர்பியூ, சாலையில் ஈ காக்கா நடமாடக் கூடாது.

"இதுக்கு என்னண்ணே குறை?"

"எனக்கென்ன தெரியும்? நான் வெறும் டிரைவர்லா. வண்டியில இருக்கிறவங்க வேணாம்னுட்டாங்க."

வந்தவர் பெயர் முனியாண்டி. ஏதோ ரப்பர் தோட்டத்து டீசல் பிக்கப் ஓட்டுகிறாராம். மேடு ஏறினால் எஞ்சின் கொதிக்கிறது, சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டை மாற்றணும் என்றார். வண்டியை எதிர்ப்பக்கம் மரநிழலில் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தார்.

டிரைவரை இப்படி நாயாய் அலையவிட்டு, உள்ளே சொகுசாகச் சாய்ந்திருப்பது யாராக இருக்கும்? தோட்டத்து ஆபீஸ் கணக்கெல்லாம் கையில் வைத்திருக்கும் பெரிய கிராணியேதான்! மாணிக்கம் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். கிராணி தலையாட்டாமல் தோட்டத்தில் ஒரு திருகாணிகூட வாங்க முடியாது என்பது அவனுக்குத் தெரியாதா?

"கிராணியவே இங்க வரச் சொல்லுங்களேன். ஒரே பேச்சுல முடிச்சிடலாம்."

"வெயில்ல இறங்க மாட்டாங்க" என்று தொண்டையைச் செருமினார் முனியாண்டி. "இது எதுக்குன்னே கேக்குறாங்க தம்பி. நம்ம ஊரு சூட்டுக்கு இதைக் கழட்டி வீசிட்டு ஓட்டுனா என்னவாம்?"

"நெறைய பேரு அதைத்தான் செய்றாங்க. எஞ்சின் சூடே ஏறாது, புகையாக் கக்கும், டீசலைக் குடிக்கும். அப்புறம் எஞ்சினையே கழட்டி வீச வேண்டியதுதான். சாமான் விக்கணும்னு சொல்லலண்ணே, உள்ளதைச் சொல்றேன்."

முனியாண்டி ஓடினார், திரும்பி வந்தார்.

"நீங்க சொல்றது சரிதானாம். சுமை ஏத்துற வண்டிக்கு எது நல்லதுன்னு கேக்குறாங்க."

"சீக்கிரம் திறந்து தண்ணி விடுறது. இந்தாங்க, இது." மாணிக்கம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"என்ன தம்பி, கடிகாரத்தையே முறைக்கிறீங்க?"

அதற்குமேல் அவனால் அடக்க முடியவில்லை. "நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறோம்ணே. அம்மா தம்பின்ல காத்துக்கிட்டு இருக்கு. ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப் போச்சு. பஸ்ஸை விட்டேன்னா இதுவும் போச்சு. மாப்பிள்ளையே வராத வீட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"அட பாவமே! பொண்ணு எப்படி, லட்சணமா?"

"நான் எங்க பாத்தேன்? அம்மாவும் தரகரும் பேசி வச்சது. பேரு நீலாவதியாம்." பேரைச் சொல்வதற்குள் அவனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

முனியாண்டி மூன்றாவது பெட்டியோடு இன்னொரு நடை போய் வந்தார். "இதுவே போதுமாம். கட்டிக் குடுத்துட்டு பஸ்ஸைப் பிடிக்கச் சொல்றாங்க."

அப்பாடா! மாணிக்கம் பெட்டிக்குக் கயிறு சுற்றினான். தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. முடிச்சுப் போடப் போன கை நின்றது.

"எந்த மேட்டுலண்ணே கொதிக்குது?"

"ரெம்பாவ் தாண்டி, காட்டோரமா ஒரு மேடு."

காட்டுக்குள்ளே துப்பாக்கியோடு ஆட்கள் இருக்கிற காலம். பொழுது சாயும் நேரத்தில் அங்கே வண்டி நின்றால்?

"சே!" என்று கயிற்றை அவிழ்த்தான். பக்கத்துக் கோப்பிக் கடைக்கு ஓடி, ஒரு டின் கொதிநீர் வாங்கி வந்து, தெர்மோஸ்டாட்டை அதில் போட்டான். கொதிநீரில் அதன் மூடி திறக்க வேண்டும். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். அது அசையவே இல்லை.

"பாத்தீங்களா? புதுசுதான், ஆனா செத்துக் கிடக்கு. இதை மாட்டிக்கிட்டுப் போயிருந்தா நடுக்காட்டுல நின்னுருப்பீங்க."

அதே மாதிரி இன்னொன்றை எடுத்துப் போட்டான். மூடி மெல்ல விலகி நன்றாகவே திறந்தது. அவன் சிரித்தபடி நிமிர்ந்தபோது, கடை வாசலில் பஸ் கிளப்பிவிட்டுப் போன புழுதிதான் இருந்தது.

மாணிக்கம் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். "போச்சு. அம்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

முனியாண்டி எதிர்ப்பக்கம் போய் ஏதோ பேசிவிட்டு, பல்லெல்லாம் தெரிய வந்தார். "எழுந்திரிங்க தம்பி. கர்பியூக்கு முன்னாடி தம்பின்ல விட்டுடறோம்."

"எஞ்சின் கொதிக்கிற வண்டியிலயா? முதல்ல இதை மாட்டிடறேண்ணே."

"அது எங்க கொதிச்சுது?" முனியாண்டி வாய்விட்டுச் சிரித்தார். "அந்த வண்டி ஒரு நாளும் கொதிச்சது கிடையாதுலா!"

மாணிக்கம் ஒன்றும் புரியாமல் சாலையைக் கடந்தான். பிக்கப்பின் கதவு திறந்தது. இறங்கியது கிராணி இல்லை. மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண், சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என் மகதான். நீங்க வந்து பாக்கிறதுக்கு முன்னாடி, தான் ஒரு தடவை உங்களைப் பாத்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னா" என்றார் முனியாண்டி.

நீலாவதி முந்தானையை இறக்கினாள். "உங்கம்மாகிட்ட சொல்லுங்க. மாப்பிள்ளை பாத்தாச்சு, பிடிச்சிருக்கு. நாளைக்கு அவங்க தாராளமாப் பொண்ணு பாக்க வரலாம்."