எங்கள் வீட்டுக் குதிரை

"கிட்டப் போகாதீங்க முசியே. கஸ்பாருக்குப் புது ஆளைக் கண்டா ஆகாது, கடிச்சிடுவான்" என்றாள் பெர்தீல்.

லீல் நகரத்து ஷாம்பெயின் வியாபாரி தெல்போர்த் நின்றுவிட்டார். குதிரை நிற்கவில்லை. திராட்சைக் கொடிகளுக்கு நடுவே ஏரை இழுத்துக்கொண்டு வந்து, அவருடைய கோட்டுப் பைக்குள் மூக்கை நுழைத்தது.

பெர்தீல் திகைத்தாள், உடனே சமாளித்துக்கொண்டாள். "பாத்தீங்களா? நல்ல மனுஷங்களை வாசனையிலயே கண்டுபிடிச்சிடுவான்."

அவள் வாய்ச் சாமர்த்தியம் எங்கள் ஊரறிந்தது. இன்று அது பலித்தே ஆகவேண்டும். நிலவறையில் புட்டிகள் விற்காமல் தேங்கிக் கிடந்தன. இவர் வாங்காவிட்டால் பரம்பரைத் தோட்டம் பெரிய கம்பெனிக்குப் போய்விடும். இவரோ மண்ணுக்கு விஷம் வைக்காத நாணயஸ்தர்களிடம் மட்டும் வாங்குகிற ஆள்.

"களைக்கொல்லி அடிக்கிறதுண்டா?" என்றார் அவர்.

"ஒரு சொட்டு கிடையாது. டிராக்டர்கூட உள்ள வந்ததில்ல."

"அப்போ களையை என்ன பண்றீங்க?"

ஏரைப் பிடித்திருந்த அவள் கணவன் லூசியான் வாயைத் திறந்தான். "அதை நாங்க ரெண்டு பேரும் மண்வெட்டியால..."

பெர்தீல் அவன் காலை மிதித்தாள். அவன் சொல்ல வந்தது உண்மைதான். ஆனால் மண்வெட்டி என்று சொன்னால் ஒன்றுமில்லாத வீடு என்று நினைத்துவிடுவாரே என்று அவளுக்குப் பயம்.

"எல்லாம் கஸ்பார்தான் முசியே. இவன் அம்மா, பாட்டி எல்லாம் இந்த மண்ணை உழுதவங்க. இந்தத் தோட்டத்தை விட்டு வெளிய ஒரு அடி வெச்சதில்ல."

லூசியான் தன் காய்த்துப்போன கைகளைப் பார்த்துக்கொண்டான்.

அவள் ஒரு புட்டியைத் திறந்து கோப்பையில் ஊற்றினாள். தெல்போர்த் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மெதுவாகக் குடித்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த வருஷம் நான் குடிச்சதுலயே இதுதான் ரொம்ப ஒசத்தி" என்று பேனாவை எடுத்தார்.

பெர்தீலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்போ இருக்கிறதை எல்லாம் எடுத்துக்குவீங்கதானே?"

அவர் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். பிறகு பேனாவை மூடி, திரும்பவும் சட்டைப் பையில் செருகினார்.

"இந்த வாரம் நான் பாக்குற நாலாவது தோட்டம் இது, மதாம். குதிரை மட்டும் ஒண்ணேதான்."