ராசியில்லாத ரசிகர்

"யோவ் மெர்வின், உள்ள வராதே! அங்கேயே நில்லு!"

லொரெய்னின் பாருக்குள் ஒரு காலை வைத்திருந்த மெர்வின், அந்தக் காலை மரியாதையாக வெளியே எடுத்துக்கொண்டார். கத்தியது தபால்காரர் கஸ், இருபது வருட நண்பர்.

"இன்னுமா ஆட்டம் முடியல?"

"கடைசி இன்னிங்ஸ். இன்னும் ஒருத்தன் அவுட்டாகணும். நீ டி.வி.யப் பார்த்தா அவன் ஆக மாட்டான். தெருவைப் பார்த்துத் திரும்பி நில்லு."

மெர்வின் திரும்பி நின்றார். அறுபத்தோரு வயது. ஊரில் பாதி வீடுகளுக்குக் குழாய் ரிப்பேர் பார்த்தவர். இப்படி வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது அவருக்கே சிரிப்பாக இருந்தது. ஆனால் என்ன செய்வது? அவர் பார்த்தால் ஊரின் பேஸ்பால் அணியான ஹெரான்ஸ் தோற்கும். இது ஊரறிந்த விஷயம். செப்டம்பரில் அவர் உட்கார்ந்து பார்த்த ஏழு ஆட்டங்களும் போச்சு. ஆமை புகுந்த வீடு என்பார்களே, ஹெரான்ஸுக்கு அந்த ஆமை இவர்தான். அதனால் ஆட்டம் நடக்கும்போதெல்லாம் அவரைக் காருக்குள் உட்கார வைத்து, கோழி இறக்கை வறுவலை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

உள்ளே ஒரே ஆரவாரம். ஹெரான்ஸ் ஜெயித்துவிட்டது.

"இப்ப வரலாமா?"

"வா, வா. இனிமேதான் உனக்கு வேலையே இருக்கு" என்றார் கஸ். "மழையால, மில்லர்ஸ் வேற டீமோட ஆடுற ஆட்டம் லேட்டு, இப்பதான் மூணாவது இன்னிங்ஸ். அவனுங்க தோத்தா நாம அடுத்த சுற்று. ஜெயிச்சா நம்ம சீசன் இன்னையோட முடிஞ்சுது."

"அப்ப நான் காருக்கே போறேன். நான் பிறந்த அன்னைக்கே எங்க ஊர்ல பாலம் இடிஞ்சுதாம். எதுக்கு வம்பு?"

"அங்கதான் விஷயமே இருக்கு. நீ யாருக்காகக் கத்துறியோ அவன் விளங்க மாட்டான். அதனால இன்னைக்கு நீ மில்லர்ஸுக்காகக் கத்தணும்!"

லொரெய்ன் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சிவப்புச் சட்டையை இரண்டு விரலால் தூக்கினாள். மில்லர்ஸ் சட்டை! இந்த ஊரில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் சொந்த வீட்டு நாயே கடிக்கும்.

"பக்கத்து ஊர் கடைக்கு முகத்தை மறைச்சுக்கிட்டுப் போய் வாங்கிட்டு வந்தேன். போட்டுக்க மெர்வின்."

"ஐயோ, வேண்டாம் லொரெய்ன். என் மாமனார் கல்லறையிலேர்ந்து எழுந்து வந்துடுவார்."

"அவருக்கும் ஹெரான்ஸ் ஜெயிக்கணும்ல? போடு!"

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க" என்றார் கஸ். "உதட்டளவுல கத்தினா பலிக்காது. மனசார வேண்டணும்."

மெர்வின் சட்டைக்குள் தலையை நுழைத்தார். "மில்லர்ஸ்... வாங்க..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சத்தமா!"

ஐந்தாவது இன்னிங்ஸில் குரல் மேலே வந்தது. ஏழாவதில் மனிதருக்குக் காலில் செருப்பு நிற்கவில்லை. மில்லர்ஸ் ஆட்டக்காரர்களைச் செல்லப் பெயர் வைத்துக் கூப்பிட்டார். அம்பயரின் கண்ணைப் பற்றிக் கேவலமாகப் பேசினார்.

"இந்த ஆள் குழாய் ரிப்பேருக்குப் போனதுக்கு நாடகத்துல சேர்ந்திருக்கலாம்" என்று கஸ் கிசுகிசுத்தார்.

"பாவம், நமக்காக எவ்வளவு கஷ்டப்படுறார் பாரு" என்றாள் லொரெய்ன்.

அவர் கத்தக் கத்த மில்லர்ஸ் பின்தங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் மெர்வினின் முதுகில் தட்டினார். ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். மில்லர்ஸ் இரண்டு ரன் பின்னால். இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவன் போனால் மில்லர்ஸ் காலி. இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்கிறார்கள். பார் முழுக்க நாற்காலி நுனிக்கு வந்துவிட்டது.

மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டது. பந்து உயர்ந்தது. உயர்ந்துகொண்டே போய் சுவரைத் தாண்டி ரசிகர் கூட்டத்துக்குள் விழுந்தது. மூன்று ரன்! மில்லர்ஸ் ஜெயித்துவிட்டது.

மெர்வின் நாற்காலி மேல் ஏறிக் குதித்தார், கஸ்ஸைக் கட்டிப்பிடித்தார், லொரெய்னின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகுதான், அந்த அறையில் குதிப்பது தான் ஒருவர் மட்டுமே என்று உறைத்தது. மெதுவாக உட்கார்ந்தார். அவர் கன்னமெல்லாம் கண்ணீர்.

"மெர்வின்" என்றார் கஸ், குரல் உடைந்து. "உண்மையைச் சொல்லு. மனசாரத்தான் வேண்டினியா?"

"என் பிள்ளைங்க மேல சத்தியம் கஸ். இதுக்கு மேல மனசார வேண்ட என்னால முடியாது."

"விடு, அழாதே" என்று லொரெய்ன் அவர் தோளைத் தடவினாள். "உன்மேல தப்பில்ல. அந்தச் சனியனைக் கழட்டு, அடுப்புல போடுறேன்."

"வேண்டாம் லொரெய்ன். நான் செஞ்ச பாவம், நானே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொளுத்திடறேன்."

தலையைக் குனிந்துகொண்டு அவர் வெளியேறியபோது, தோற்ற துக்கத்திலும் நாலைந்து பேர் எழுந்து அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். மெர்வின் காரில் ஏறி, கண்ணாடிகளை மேலே ஏற்றிவிட்டுப் போனை எடுத்தார்.

"அண்ணே, நம்ம மில்லர்ஸ் ஜெயிச்சாச்சு! இந்த ஊருக்கு மாப்பிள்ளையா வந்த முப்பத்தாறு வருஷத்துல இன்னைக்குத்தாண்ணே வாய்விட்டுக் கத்தினேன்... அதுவும் இவங்களே சட்டை வாங்கிக் குடுத்து!"