பின்கதவு

அந்தக் கதையை ஒன்பது வருடமாகச் செயலாளர் பாதிதான் நம்பினார். நம்பாத மீதிப் பாதி, உணவக உரிமையாளர் சங்கம் விருதுப் பட்டியல் போடும் வாரத்தில் மட்டும், பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி அவரைப் பாடாய்ப் படுத்தும்.

கதையைச் சொன்னவர் பெரிய கடைக்காரர்.

"உங்களுக்கு விஷயம் தெரியாது தம்பி. விடியக்காலையில நான் தனியா அடுப்பு மூட்டற நேரம். கடையில என்னைத் தவிர ஒரு ஈ காக்கா இருக்காது. அந்த நேரம் பார்த்து மூலைக் கடைக்காரன் பின்கதவு வழியா உள்ள வர்றான். என் சூப்புல கரண்டியை விட்டு ருசி பார்த்துட்டுப் போறான். தினமும்! கைப்பக்குவத்தைத் திருடறவனுக்கா விருது?"

செயலாளர் மறுநாள் விடிகாலையில் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தார். சொன்னபடியே மூலைக் கடைக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு பின்சந்திலிருந்து வந்தார். அன்றைக்கே அவர் பெயரை அடித்தாயிற்று. 'நகரத்தின் தலைசிறந்த சமையல்காரர்' விருது பெரிய கடைக்காரருக்குப் போயிற்று.

உறுத்தல் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. விழாவில் மூலைக் கடைக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டினார். அடுத்த நாளும் அதே சந்திலிருந்து வந்தார்.

செயலாளர் மறித்துக் கேட்டே விட்டார். "அங்க உங்களுக்கு என்னண்ணே வேலை?"

"சும்மா. பழகிப்போச்சு," என்று சிரித்துவிட்டுச் சைக்கிளை மிதித்தார் அவர்.

திருடன் இப்படிச் சிரிப்பானா? ஏன், கைதேர்ந்தவன் சிரிப்பானே! செயலாளர் தனக்குத்தானே வாதாடி, தனக்குத்தானே தோற்று, ஒன்பது வருடத்தை ஓட்டினார்.

இந்த வருடம் மறுபடியும் மூலைக் கடைக்காரர் பெயர் வந்தது. ஏழு பேர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மனிதர் இந்த மாதத்தோடு கடையை மூடுகிறார். இப்போது விட்டால் இனி எப்போதும் கிடையாது.

ஆனால் விருதுக் குழுவுக்குத் தலைவர், பெரிய கடைக்காரர்.

காலையிலிருந்து செயலாளர் வீட்டுக்குள் நடந்தபடியே இருந்தார்.

"உக்காருங்களேன். எனக்குத் தலை சுத்துது," என்றாள் மனைவி.

"அந்தப் பேரை என்ன பண்றதுன்னு தெரியல."

"அன்னிக்கு அடிச்சது உங்க பேனாதானே? அதையே கேளுங்க."

அச்சகத்துக்காரர் மூன்றாவது முறையாகப் போன் செய்தார். "சார், மெஷின் வாயைப் பொளந்துட்டு நிக்குது. பட்டியலைக் குடுங்க சார்."

செயலாளர் பட்டியலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பெரிய கடைக்குப் போனார்.

சமையலறையில் பெரிய கடைக்காரர் அண்டா பக்கத்தில் நின்றிருந்தார். "வாங்க தம்பி! அந்தப் பேரை அடிச்சாச்சா?"

"இன்னும் இல்லண்ணே. உங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"இதுல என்ன வார்த்தை? திருட்டுப் பயலை மேடை ஏத்தினா ஊரே சிரிக்கும். ஆளையும் காணோம். மக பிரசவத்துக்குப் போய்ப் பத்து நாள் ஆச்சாம். நிம்மதி! இந்தாங்க, இதைக் குடிங்க. விழாவுக்கு இந்த சூப்தான்."

அண்டாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தானும் குடித்தார். கண்ணை மூடினார். "அடடா! என்ன ருசி!"

செயலாளர் ஒரு வாய் குடித்தார்.

உப்பு. கடலையே காய்ச்சி ஊற்றின மாதிரி. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"எப்படி இருக்கு?"

செயலாளர் அடுப்போரம் நின்ற சமையல்காரம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா அண்டாவைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தாள்.

"பத்து நாளா இதே கதைதான் சார். ஒருநாள் உப்பே இல்ல, ஒருநாள் இப்படி. விடிகாலையில உப்புப் போடறது முதலாளிதான். சொன்னா, எனக்கே சொல்லித் தர்றியான்னு பாயறார்."

"அவளுக்கு என்ன தெரியும்?" என்றார் பெரிய கடைக்காரர். குரல் உயர்ந்ததே தவிர, பார்வை செயலாளர் பக்கம் வரவில்லை.

பரிமாறுகிறவர் வாய் வைக்காத கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

செயலாளர் வாயைக் கொப்பளிக்கப் பின்கதவைத் திறந்துகொண்டு சந்தில் இறங்கினார். கொப்பளித்துவிட்டுத் திரும்பினால், கதவு தானாகவே சாத்திக்கொண்டிருந்தது.

இழுத்துத் திறக்கலாம் என்று கையை நீட்டினார். பிடி இல்லை. பூட்டு இல்லை, சாவித்துவாரமும் இல்லை. மொழுக்கென்று ஓர் இரும்புத் தகடு. நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. தட்டினார். தானாக விழுந்திருந்த தாழ்ப்பாளைச் சமையல்காரம்மா உள்ளேயிருந்து நீக்கிவிட்டாள்.

செயலாளர் வாசலிலேயே நின்றார். பட்டியலை எடுத்துக் கதவின் மேல் வைத்து, மேலே முதல் வரியில் மூலைக் கடைக்காரர் பெயரை எழுதினார்.

"என்ன தம்பி பண்றீங்க? நான்தான் அவ்வளவு சொன்னேனே!"

செயலாளர் பேனாவை மூடினார்.

"அண்ணே, வெளியேயிருந்து திறக்கவே முடியாத இந்தக் கதவுல, தினமும் விடியக்காலையில அவருக்குத் தாழ்ப்பாளைத் திறந்து விட்டது யாரு?"