மூன்று அங்குலம் குறைவு

"இந்த வாலிபால் நெட்டை இறக்கினது யாருன்னு எனக்குத் தெரியும். அவங்க பேரை என் வாயால சொல்ல மாட்டேன்."

கடைக்காரி கம்பத்தைப் பார்த்துத்தான் பேசினாள். எதிரணியில் நின்ற நாத்தனாருக்கு நன்றாகவே கேட்டது. எட்டு மாதமாக இருவருக்கும் பேச்சு இப்படித்தான்: சுவரிடம், கதவிடம், இன்றைக்குக் கம்பத்திடம்.

இதே வாலிபால் மைதானத்தில் ஒரே பந்துக்கு இருவரும் பாய்ந்ததில் கடைக்காரியின் தோள் நழுவி, ஆபரேஷன் வரை போனது. "வேணும்னே இடிச்சா" என்று அவள் சொன்ன நாளிலிருந்து நாத்தனார் அண்ணன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

மூன்று வாரமாகத்தான் கடைக்காரி மறுபடி ஆட வருகிறாள். அவள் அடிக்கிற பந்தெல்லாம் நெட்டைத் தாண்டிப் பறந்தது. பழைய பீரோ வாங்கி விற்கிற கண்ணுக்கு அங்கேதான் சந்தேகம் தட்டியது. ஆபரேஷன் ஆன தோளுக்கு ஏது இவ்வளவு வலு?

பையிலிருந்து டேப்பை உருவினாள்.

"ஏழடி நாலு அங்குலம் இருக்கணும், ஏழடி ஒரு அங்குலம்தான் இருக்கு. மூணு அங்குலம் குறையுது. எனக்கென்ன பிச்சை போடறாங்களா?"

"ஆட்டம் நல்லாத்தானே போகுது, விடுங்கக்கா" என்றார் விசில் ஊதுகிற பேக்கரிக்காரர்.

"உங்க கடையில எடை குறைஞ்சா நான் விடுவேனா?"

கயிற்று முடிச்சை அவிழ்க்கப் போனவள் நின்றாள். கம்பத்தில் தையல் சாக்பீஸ் கோடுகள். அரை அங்குலத்துக்கு ஒன்று. பக்கத்தில் தேதி. கீழே மூன்று கோட்டுக்கு டிக்.

தெரிந்த தேதிகள். எந்த வாரம் கையை எவ்வளவு தூக்கலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்து, அவள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளவை. அதைப் புருஷன் எதற்கு ஜெராக்ஸ் எடுத்தான் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

மைதானத்தில் தையல்காரி என்றால் நாத்தனார் ஒருத்திதான். அவள் குனிந்து, அவிழாத ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

கடைக்காரி தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடி கம்பத்திடமே சொன்னாள்.

"இறக்கினவங்களே வந்து ஏத்தட்டும். இன்னிக்கே, மேல் கோட்டுக்கு."

நாத்தனார் பந்திடம் சொன்னாள். "இன்னும் ஆறு வாரம் இருக்கு. ஒரு நாள்கூடக் குறைக்க முடியாதுன்னு அண்ணிகிட்ட சொல்லுங்க."

பிறந்ததிலிருந்து பேரத்தில் இறங்கி வராத கடைக்காரி, முதல் தடவையாக இறங்கினாள்.

"சரி, நெட்டு ஆறு வாரம் கழிச்சே ஏறட்டும். ஆனா அவசரத்துல நான் விட்ட ஒரு வார்த்தைக்காக எட்டு மாசமா அண்ணன் வீட்டுப் படி மிதிக்காம இருக்காங்களே, அதை மட்டும் இன்னிக்கே வந்து சரி பண்ணச் சொல்லுங்க."