எட்டு விநாடி

"ஒரு ஆளு பேரு சொல்ல எழுபத்தோரு விநாடியா சார்? அதுவும் தினம் அதே ஆளு, தினம் காலைல பத்து பத்துக்கு" என்று குண்டூசி சொன்னதும், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார் எட்டு.

குண்டூசி என்கிறவன் அந்த அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதிய புரோகிராமைக் குத்திக் குத்திப் பார்த்து ஓட்டை கண்டுபிடிக்கிறவன். எட்டு அங்கே மேலாளர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அவர் போட்ட சட்டமே பெயராக ஒட்டிக்கொண்டது.

சட்டம் இதுதான். ஆஸ்பத்திரிக்கு நோயாளி போன் போட்டால் இவர்களுடைய மெஷின்தான் எடுக்கும். பெயர் கேட்கும், எந்த டாக்டர் என்று கேட்கும், அன்றைக்கு டோக்கன் போடும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு ஃபங்ஷன் எழுதி வைத்திருந்தார்கள். பந்தி போடுகிற ஃபங்ஷன் இல்லை. கூப்பிட்டால் வந்து, ஒரே ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போகிற நாலு வரி.

ஒருநாள் அதில் ஒன்று வராத பதிலுக்காகக் காத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டது. பின்னால் வந்த அழைப்பெல்லாம் முட்டிக்கொண்டு நின்றன. ஊரே திட்டியது. அன்றைக்கு எட்டு சொல்லிவிட்டார்: எந்த ஃபங்ஷனாக இருந்தாலும் எட்டே விநாடி. முடிக்கவில்லையா, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளு.

"வீட்லயும் நான் இப்படித்தான். எட்டு விநாடில விஷயத்துக்கு வரலன்னா எந்திரிச்சுப் போய்க்கிட்டே இருப்பேன்" என்று சொல்லிப் பெருமைப்படுவார்.

அந்தச் சட்டத்தில்தான் இப்போது ஓட்டை. ஒரே ஒரு நம்பருக்கு மட்டும் தொண்ணூறு விநாடி என்று யாரோ நடுவில் ஒரு வரியைச் செருகியிருந்தார்கள். எழுதியது யார் என்று பார்த்தால், அக்கா. பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறவள். மொத்த ஆபீஸுக்கும் அக்கா.

குண்டூசி இன்னும் சொன்னான். பத்து பத்து ஆனால் அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறாளாம். நடுவில் யார் கூப்பிட்டாலும் 'இரு' என்று கையைக் காட்டுகிறாளாம். முடிந்ததும் தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறாளாம்.

"இந்த வயசுல" என்றான், இழுத்தாற்போல.

அக்காவைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார் எட்டு. வேலையை விட்டு நிறுத்துகிற கடிதத்தை அடித்து, கையெழுத்து மட்டும் பாக்கி வைத்து, அவள் கண்ணில் படுகிற மாதிரி மேஜையில் வைத்திருந்தார்.

அவள் அதைப் படித்தாள். முகம் வெளுத்துப் போயிற்று. ஐம்பத்திரண்டு வயசில் வெளியே போனால் அவளை யார் எடுப்பார்கள்?

"யாரு அது?"

"தெரியாது சார்."

"தெரியாத ஆளுக்குத்தான் தொண்ணூறு விநாடியா? சொந்தமா, சிநேகிதமா?"

"ரெண்டும் இல்ல சார். பேரு கேக்கிற இடத்துலயே அந்த நம்பரு நாப்பத்து மூணு தடவ அறுந்திருந்துச்சு. என்னன்னு பதிவப் போட்டுக் கேட்டேன். அதுக்கு மேல சொல்லக் கூடாது. நோயாளி விஷயத்த வெளிய பேச மாட்டேன்னு எங்ககிட்ட எழுதி வாங்கினதே நீங்கதான்."

"அப்ப என்கிட்ட அனுமதி கேட்டிருக்கலாமே?"

"மூணு தடவ வந்தேன். 'ஒரு விஷயம் சார்'னு ஆரம்பிக்கிறதுக்குள்ள எந்திரிச்சுட்டீங்க."

குண்டூசி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை விழுங்கினான். அது எட்டின் கண்ணில் பட்டுவிட்டது. கோபம் இன்னும் ஒரு படி ஏறியது.

"நீங்க சொல்ல வேணாம். அந்த ஆளையே கேட்டுடறேன். நம்பரப் படிப்பா."

தன்னுடைய போனை எடுத்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார். குண்டூசி ஒவ்வொரு எண்ணாகப் படிக்க, ஒவ்வொன்றாக அழுத்தினார். எந்த எண்ணும் அவருக்குப் பழகியதாகத் தோன்றவில்லை. இந்தக் காலத்தில் யார் நம்பர் யாருக்கு மனப்பாடம்?

கடைசி எண்ணை அழுத்தியதும், திரையில் நம்பருக்கு மேல் ஒரு பெயர் வந்து நின்றது.

அப்பா.

அப்பா பக்கவாதம் வந்து பேச்சு போய், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று எட்டு வாங்கிக் கொடுத்த போன் அது. அவரேதான் பெயரையும் பதிந்து வைத்தார். அதற்குப் பிறகு ஒருநாள்கூடக் கூப்பிட்டதில்லை. பேச்சுப் பயிற்சிக்கு அப்பா தினம் போகிறார் என்று தெரியும். டோக்கன் யார் போடுகிறார்கள் என்று கேட்டதில்லை.

மணி இரண்டு தடவை அடித்தது. எடுத்துவிட்டார்கள். பேச்சு இல்லை, மூச்சு மட்டும் வந்தது.

பழக்கம் விடுமா? எட்டின் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. ஐந்து. ஆறு. ஏழு.

"ந்... ந்..." என்று ஏதோ கிளம்பி, பாதியில் நின்றது.

எட்டின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலே போய் நின்றது.

அக்கா நின்ற இடத்திலிருந்து திரை தெரியாது. குரல் தெரிந்தது.

"வச்சிடாதீங்க சார்" என்றாள் தணிந்த குரலில். "மொத நாள் எண்பத்தொம்பது ஆச்சு, நேத்து எழுபத்தொண்ணுக்கு வந்துட்டாரு. கொஞ்சம் பொறுங்க, சொல்லிடுவாரு."